மாவுக்கட்டு அக்கா இருபதுக்குப் பதினொன்று போட்ட கதை

மருத்துவமனைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. வருகைப் பதிவு எடுப்பவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் மாவுக்கட்டு அக்காதான். அறுபது வயதுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பத்தொன்பது வயதில் தரை துடைக்கும் வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், கட்டுப் போடுகிறவர் வரவில்லை. முழங்கை உடைந்த குழந்தை ஒன்று அலறிக்கொண்டிருந்தது. டாக்டர் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கழுவினாள். பஞ்சைச் சுற்றினாள். மாவுத் துணிச் சுருளை வெதுவெதுப்பான நீரில் முக்கி, குமிழி நிற்கும் வரை பொறுத்து, பிழிந்து, குழந்தையின் கையில் உருட்டிவிட்டாள். "யார் சொல்லிக் கொடுத்தா?" என்று டாக்டர் கேட்டார். "யாரும் சொல்லிக் கொடுக்கல. ரெண்டு வருஷமா இந்த ரூமைத்தானே துடைக்கிறேன், கண்ணு சும்மாவா இருக்கும்?" என்றாள். பிறகு படித்து, பரீட்சை எழுதி, முறைப்படி அந்த வேலைக்கே வந்தாள். இருபத்தாறு வருடமாக அந்த அறை அவளுடையது.

படிக்கும் பழக்கமும் அந்த அறையில்தான் தொற்றியது. எக்ஸ்ரே வரும்வரை காத்திருப்பவர்கள் பத்திரிகைகளையும் நாவல்களையும் மறந்து வைத்துவிட்டுப் போவார்கள். அக்கா ஒன்று விடாமல் படித்தாள். படித்ததில் தப்பு இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதையில் நாயகனுக்கு இடது காலில் கட்டுப் போட்டார்கள். மூன்றாம் வாரம் அந்தக் கட்டு வலது காலில் இருந்தது. ஐந்தாம் வாரம் அவன் மதில் ஏறிக் குதித்தான். "மாவுக்கட்டைக் காலுக்குக் கால் மாற்றும் அந்த மருத்துவமனையின் முகவரி கிடைத்தால் நானும் போய்த் தொழில் கற்றுக்கொள்வேன்" என்று ஆசிரியருக்கு அஞ்சலட்டை போட்டாள். பிரசுரமானது. அதன்பின் அவள் கை நிற்கவில்லை. அந்த ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அவள் கையெழுத்து நன்றாகத் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, நகர நூலகர் ஒரு நாள் கட்டு அறைக்கே வந்து நின்றார். இளையோருக்கான சிறந்த புத்தகத்துக்கு நூலகம் வருடந்தோறும் பரிசு கொடுக்கும். நடுவர்கள் மூன்று பேர். தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரண்டாமவர், நாளிதழில் புத்தக விமர்சனம் எழுதுபவர். மூன்றாவதாகப் பொதுவாசகர் ஒருவர் வேண்டும்.

"தலைவரம்மாவே உங்க பேரைத்தான் சொன்னாங்க" என்றார் நூலகர்.

வீட்டில் சொன்னதும், பட்டறையில் லேத் ஓட்டும் அவள் கணவர் சிரித்தார். "நடுவரா? புதுசா என்ன, இங்க தினமும் நீ சொல்றதுதானே தீர்ப்பு. எங்களுக்கு அப்பீலே கிடையாது."

பதினாறு வயது மகளுக்கோ தலைகால் புரியவில்லை. பட்டியலில் இருந்த ஐந்து பெயர்களில் ஒன்று "மின்னல் வகுப்பு". ஐந்து பாகங்கள் கொண்ட அந்தத் தொடரை அவள் மூன்று தடவை படித்து முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்து மின்மாற்றி வெடித்ததில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு அதிசய சக்திகள் வந்துவிடுகின்றன. ஒருவன் சுவரில் ஓடுவான். ஒருத்தி அடுத்தவர் மனதில் நினைப்பதைக் கேட்பாள். இன்னொருத்திக்கு எந்த எலும்பு உடைந்தாலும் அந்த நிமிடமே ஒட்டிக்கொள்ளும். அவளைக் கதையில் "ஒட்டு" என்று கூப்பிடுவார்கள். ஆறு பேரும் சேர்ந்து, நகரத்தின் மின்சாரத்தையே உறிஞ்சப் பார்க்கும் ஒரு கூட்டத்தோடு மோதுவார்கள்.

அக்கா பேருந்தில் படித்தாள். மதிய இடைவேளையில் படித்தாள். குழம்பு கொதிக்கும்போது ஒரு கையில் கரண்டியும் மறு கையில் மூன்றாம் பாகமுமாக நின்றாள். அந்த மூன்றாம் பாகத்தால் ஒரு நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தாள். அதையும் குறிப்பேட்டில் நேர்மையாக எழுதிக்கொண்டாள். எரிச்சல் வந்த இடங்களையும் விடவில்லை.

"நாலாவது படிச்சியாம்மா? அழுதியா?" என்று மகள் கேட்டாள்.

"அழல. கோபம் வந்துது."

"ஏன்?"

"அந்த ஒட்டுப் பொண்ணு மூணாவது மாடியில இருந்து விழறா. தோள்பட்டை கழண்டு போகுது. அடுத்த வரியில ஜோக் அடிக்கிறா. நாலு பாகத்துல இதுவரைக்கும் இருபத்து மூணு முறிவு, எண்ணி வச்சிருக்கேன். ஒரு தடவைகூட அம்மான்னு கத்தல."

"அவளுக்குத்தான் சக்தி இருக்கேம்மா!"

"ஒட்டுற சக்திதானே இருக்கு? வலிக்காதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு."

மகள் புரட்டிப் பார்த்தாள். எழுதியிருக்கவில்லை. "இது கற்பனைம்மா. இப்படியெல்லாம் நோண்டக் கூடாது" என்றாள்.

"நிஜத்துல என்ன நடந்தாலும் நடந்துபோச்சுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். கற்பனையில அப்படி முடியாது. ஏன் நடந்துதுன்னு சொல்லியாகணும்."

முதல் கூட்டம் ஒரு சனிக்கிழமை மதியம், நூலக மாடியில் நடந்தது. அக்கா ஐந்து பாகங்களையும் மற்ற நான்கு புத்தகங்களையும் பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டு வந்தாள். விமர்சகர் வெறுங்கையோடு வந்திருந்தார். தலைமையாசிரியை ஒரு கோப்பு கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து நாளிதழ்த் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு மாதத்துக்கு முந்தைய செய்தி. "அதிசய சக்தி நாவல் படித்த மாணவி கூரையிலிருந்து குதித்தாள், மணிக்கட்டு முறிந்தது." பள்ளியின் சைக்கிள் கொட்டகைக் கூரையில் நடந்தது என்றும், மாணவியின் பையில் "மின்னல் வகுப்பு" இருந்தது என்றும் போட்டிருந்தார்கள்.

"இந்தத் தொடரைப் போட்டியில இருந்து எடுத்துடணும். நூலக அலமாரியில இருந்தும் எடுத்துடணும். அறிக்கையைத் தட்டச்சு பண்ணியே கொண்டுவந்திருக்கேன்" என்றார் தலைமையாசிரியை.

அக்கா அறிக்கையை வாங்கிப் படித்தாள். இரண்டாவது பத்தி இப்படித் தொடங்கியது: "மருத்துவத் துறையைச் சேர்ந்த நடுவரின் அனுபவபூர்வமான கருத்துப்படி, இத்தகைய நூல்கள் இளம் உள்ளங்களை விபத்துகளுக்குத் தூண்டுகின்றன."

"மருத்துவத் துறை நடுவர்னா யாரு?"

"நீங்கதான்."

"நான் எப்போ இதைச் சொன்னேன்?"

"சொல்லுவீங்கன்னுதான் உங்களைக் கூப்பிட்டோம். அந்தப் பொண்ணுக்குக் கட்டுப் போட்டதே நீங்கதானாமே?"

தன்னை நடுவராகக் கூப்பிடவில்லை, சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் போட்டது அவள்தான். பதினாலு வயது, ஒல்லி, வாயாடி. "நான் என்ன லூசாக்கா, குதிக்கிறதுக்கு? இறகுப் பந்து மேல போச்சு, எடுக்க ஏறினேன்" என்று வலியோடு வலியாகச் சொன்னாள். முழங்கைப் பக்கம் கீறலில் துரு ஒட்டியிருந்ததை அக்காதான் கழுவிவிட்டாள். ஆனால் கட்டு அறையில் கேட்டதை வெளியே பேசுவது அவள் வழக்கமில்லை. எதிரே இருப்பவர் தலைமையாசிரியை என்பதற்காக மாற்றிக்கொள்ளவும் அவள் தயாரில்லை.

"என் ரூமுக்கு வந்தவங்களைப் பத்தி நான் இங்க பேச மாட்டேன். ஆனா இந்தப் பேப்பர்ல போட்டிருக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்றாள். "மணிக்கட்டுன்னு போட்டிருக்கான். உயரத்துல இருந்து வேணும்னே குதிக்கிறவங்க காலைத்தான் முதல்ல கொண்டு வருவாங்க. குதிகால், கணுக்கால், முதுகு. எதிர்பாராம விழறவங்கதான் கையை ஊன்றுவாங்க. எல்லாரும் அப்படித்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இருபத்தாறு வருஷமாப் பார்த்த எனக்குச் சந்தேகம் வர இது போதும்."

"பேப்பர்லயே வந்துடுச்சே" என்றார் விமர்சகர்.

"பேப்பர்ல வர்ற தப்புக்கெல்லாம் கார்டு போடுறதுதான் சார் என் பொழுதுபோக்கு. நீங்க அஞ்சு பாகமும் படிச்சீங்களா?"

"முதல் பாகம் பார்த்தேன். ஒரு பானைக்கு ஒரு பருக்கை போதுமே."

"எலும்புல அப்படிப் பார்க்க மாட்டோம் சார். கை வலிக்குதுன்னு வந்தா தோள்வரைக்கும் படம் எடுப்போம்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருடம் வகுப்பறைகளை அமைதியாக்கிய பார்வை அது. "அம்மா, இது இலக்கியக் குழு. கையெழுத்துப் போடுங்க. மூணு கையெழுத்து இல்லாம அறிக்கை செல்லாது."

"அப்ப செல்லாமலே இருக்கட்டும்."

நூலகர் தேநீர்க் கோப்பைகளை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "அந்தக் கொட்டகை இங்கேயிருந்து மூணு தெருதானே? வாங்க, பார்த்துட்டு வந்துடலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. "நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன். போய்ப் பார்த்ததை எழுதிப் பேப்பருக்கு அனுப்புவேன். என் கார்டைப் போடுவாங்க, தெரியுமில்ல?" என்றாள்.

நாலு பேரும் வெயிலில் நடந்தார்கள். பள்ளி வாசலில் காவலாளி தன் பழைய தலைமையாசிரியைக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தார். விடுமுறை நாள் என்பதால் வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. முதல் மாடி வராந்தாவில் நின்றால் கொட்டகையின் தகரக் கூரை முழுதாகத் தெரியும். அது செம்மண் நிறத்தில் துருவேறி இருந்தது. நட்டநடுவே ஒரு ஓட்டை. அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, பறக்காமலிருக்கச் செங்கல் வைத்திருந்தார்கள். பலகை போதாமல் ஓட்டையின் ஓரம் வெளியே தெரிந்தது, தகரம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஓட்டையிலிருந்து இரண்டடி தள்ளி, இறகு கொட்டிப்போன இறகுப் பந்துகள் மூன்று கிடந்தன.

"குதிக்கிறவ ஓரத்துக்கு வந்து குதிப்பா. நடுவுல ஓட்டை போட்டுக்கிட்டு யாரும் குதிக்க மாட்டாங்க" என்றாள் அக்கா.

விமர்சகர் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இந்தத் தகரத்தை மாத்தணும்னு என் கடைசி வருஷத்துல மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். மாத்திட்டோம்னு சொன்னாங்க. நானும் வந்து பார்க்கல."

அந்தக் குரலில் இருந்தது தலைமையாசிரியை இல்லை. அக்காவுக்கு ஒரு நிமிடம் மனசு இளகியது. ஆனால் பிடி இளகவில்லை. "அப்ப அந்தப் பத்தியை அடிச்சுடலாமா மேடம்?" என்று கேட்டாள். அக்கா பையிலிருந்து எடுத்த அறிக்கையை அங்கேயே கம்பிமேல் வைத்து, தலைமையாசிரியை தன் பேனாவால் இரண்டாம் பத்தியைக் குறுக்கே அடித்தார்.

நூலகத்துக்குத் திரும்பியதும் விமர்சகர் அந்தர் பல்டி அடித்தார். "அந்த எழுத்தாளருக்கு வீண்பழி சுமத்தியிருக்கோம். பிராயச்சித்தமா இந்தத் தொடருக்கே பரிசைக் கொடுத்துட்டா என்ன? இளைஞர்களும் கொண்டாடுவாங்க."

தலைமையாசிரியைகூட மெல்லத் தலையாட்டினார். இவ்வளவு நேரம் போராடியவள் இதற்குக் குளிர்ந்துவிடுவாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள்.

"பழி போட்டது தப்பு. அதுக்காக மார்க் போடுறதும் தப்பு" என்றாள் அக்கா. "நான் இருபதுக்குப் பதினொண்ணுதான் போட்டிருக்கேன்."

"இவ்வளவு சண்டை பிடிச்சுட்டுப் பதினொண்ணா?"

"சண்டை பிடிச்சது அந்தப் புத்தகத்துக்காக இல்ல சார். படிக்காம தீர்ப்பு எழுதினதுக்காக."

குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓட்டம் நன்றாக இருக்கிறது, பஸ் ஸ்டாப்பை விட்டேன். நட்பு நன்றாக இருக்கிறது, மனசைக் கேட்கிறவள் தோழியின் மனசை மட்டும் கேட்க மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் எழுதியவர் கை தெரிகிறது. ஆனால் ஆறு பேரில் நாலு பேர் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வில்லன் ஏன் வில்லன் ஆனான் என்று ஐந்து பாகத்திலும் இல்லை. ஐந்தாம் பாகம் அவசரத்தில் முடிந்துவிட்டது. ஒட்டு என்ற பெண்ணுக்கு மொத்தம் இருபத்தொன்பது முறிவு, வலி பூஜ்யம். அக்காவின் முதல் மதிப்பெண் வேறொரு புத்தகத்துக்கு. பள்ளியில் காணாமல் போன பொருள்களைச் சேர்த்துவைக்கும் அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பெண்களின் கதை அது. தொண்ணூற்றாறே பக்கம். அதற்குப் பதினாறு போட்டிருந்தாள். அன்று மாலைக்குள் மற்ற இருவரும் அந்தப் புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து படிக்கவேண்டியதாயிற்று. படிக்காமல் விட அக்கா சம்மதிக்கவில்லை. பரிசும் அதற்கே போனது.

பரிசு அறிக்கையில் அக்காவின் குறிப்பையும் முழுதாகப் போட்டார்கள். வந்தது வினை. "மின்னல் வகுப்பு" ரசிகர்கள் நூலகத்துக்கு நாற்பத்து மூன்று கடிதங்கள் அனுப்பினார்கள். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது: "என் மதிப்பெண் 19. காரணம் கேட்டால் நான்கு பக்கம் எழுதித் தருவேன்." அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். மருத்துவமனையிலும் விடவில்லை. கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்ட ஒரு கால்பந்தாட்டக்காரி, மாவு காய்ந்ததும் மார்க்கர் பேனாவை எடுத்து, அக்கா கண்ணெதிரே, அக்கா போட்ட கட்டின் மேலேயே "பதினொன்று தப்பு" என்று எழுதினாள்.

"எழுத்து கோணலா இருக்கு. ஆறு வாரம் அப்படியே இருக்கும், ஒழுங்கா எழுது" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் கட்டு அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், சட்டைப் பையில் கடையின் பேனா இருந்தது. தொடரை எழுதியவர் அவர்தான்.

"உங்களுக்கு நன்றி சொல்றதா, உங்களோட சண்டை போடுறதான்னு தெரியலக்கா" என்றார்.

"ரெண்டும் பண்ணலாம். முதல்ல அந்த பெஞ்சுல உட்காருங்க. இந்தப் பாப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கணும்."

கட்டு அறுக்கும் மின்ரம்பம் சத்தம் போட்டதும் எழுத்தாளர் முகம் வெளுத்தது. தோலை வெட்டாது, வெறும் அதிர்வுதான் என்று அந்த ஐந்து வயதுப் பாப்பாதான் அவருக்கு விளக்கியது. வேலை முடிந்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வலியையெல்லாம் எழுதினா பசங்க புத்தகத்தை மூடிடுவாங்கக்கா. அவங்க தப்பிச்சுப் போகத்தான் படிக்கிறாங்க."

"என் ரூமுக்கு வர்றவங்க வலியோடதான் தம்பி படிக்கிறாங்க. உங்க புத்தகம் மட்டும் பத்துப் பதினஞ்சு பேர் கையில பார்த்திருக்கேன். எக்ஸ்ரேவுக்குக் காத்துக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, உடையாத கையால பக்கம் புரட்டுறாங்க. உங்க ஒட்டுக்கு வலிக்கலைன்னா, கத்துற பிள்ளைங்க தங்களைக் கோழைன்னு நினைச்சுக்கும்."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "நீங்க கேட்கிற கதை வேற. அதை நீங்களே எழுதுங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

"எனக்குக் கட்டுப் போடத் தெரியும். உங்களுக்கு எழுதத் தெரியும். தெரிஞ்சவங்களைத்தான் கேட்க முடியும்."

சமாதானம் ஆகாமலேதான் போனார். அக்காவும் ஒரு மதிப்பெண்கூட ஏற்றவில்லை.

அந்தப் பள்ளியின் கொட்டகைக்குப் புதுத் தகரம் வந்தது. அது வரும்வரை தலைமையாசிரியை தினமும் போய்ப் பள்ளி வாசலில் நின்றாராம். அடுத்த வருடம் பரிசு விதிகள் மாறின. பொதுவாசகர் நடுவர் என்றால் பட்டம் படித்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். யார் சேர்த்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நூலகர் சங்கடத்தோடு வந்து சொன்னார். அக்கா தன் தொழில் சான்றிதழின் நகலை இணைத்து விண்ணப்பம் போட்டாள். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி வருந்தினார்கள்.

"எத்தனை தடவை வருந்துவாங்கன்னு பார்த்துடலாம்" என்று மூன்றாவது உறையை ஒட்டினாள்.

அந்த வருடப் பட்டியலில் இருந்த ஏழு புத்தகங்களையும் தானாகவே நூலகத்தில் எடுத்துப் படித்து, மதிப்பெண்ணும் காரணமும் எழுதிக் கட்டு அறைக் கதவில் ஒட்டினாள். கையுடைந்தவர்களும் கால் உடைந்தவர்களும் நின்று படித்துவிட்டுத் தங்கள் மதிப்பெண்ணைப் பக்கத்தில் கிறுக்கினார்கள். நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது.

"கதவுல அறிவிப்பு ஒட்டக் கூடாதும்மா. விதி இருக்கு."

"உள்ள?"

"உள்ளன்னா?"

"சுவத்துல. உள்பக்கம். அதுக்கு விதி இருக்கா?"

அவர் யோசித்தார். இல்லை போலிருந்தது. அக்கா அந்தக் காகிதத்தைக் கதவிலிருந்து கிழியாமல் உரித்து, கட்டில் பக்கச் சுவரில், படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியும் உயரத்தில் ஒட்டினாள். நாலு மூலையிலும் பிளாஸ்திரி போட்டாள். அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னாள்.